வெள்ளிக்கிழமை ஃபோன்

அதிராம்பட்டினத்தில் கல்யாண வீடியோவுக்குப் பாட்டுச் சேர்த்துக் கொடுக்கும் கடை என்னுடையது. கம்ப்யூட்டர் வாங்கிய புதிது, 2002. எந்தச் சத்தத்தையும் எதுவாகவும் மாற்றிவிடலாம் என்று எனக்குத் தலைக்கனம். அந்தத் தலைக்கனத்தில் செய்த வேலைதான் இது.

ஹமீதா பானு ஒரு பை நிறையக் கேசட்டுகளோடு வந்தார். சவூதியில் வேலை பார்த்த அவர் தம்பி ஃபாஜில் லாரி மோதி இறந்து, அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டதாம். தாயார் கமருன்னிஸாவுக்கு இதய ஆபரேஷன் முடிந்து இருபது நாள்தான். அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை லீவில் தவறாமல் ஃபோன் செய்கிற பிள்ளை, இரண்டு வெள்ளியாகப் பேசவில்லை.

"அவன் பேசுற மாதிரி பண்ணித் தாங்கண்ணே. உம்மா தேறுற வரைக்கும்."

பாவம் என்று பார்க்காமல் சவாலாக எடுத்துக்கொண்டேன். கடிதத்துக்குப் பதில் அவன் பேசி அனுப்பிய கேசட்டுகளிலிருந்து "சாப்பிட்டேன் உம்மா", "நல்லாருக்கேன் உம்மா" என்று துண்டு துண்டாக வெட்டினேன். ஈக்வலைசரில் கனத்த சத்தத்தையும் கீச்சுச் சத்தத்தையும் அடியோடு இறக்கி, நடுவில் மட்டும் கெயினை, அதாவது ஒலி அளவை, ஏற்றினேன். அசல் ஃபோன் குரல். குரலைத் திரும்ப ஒலிக்கவைக்கும் டிலேயைக் கால் விநாடி வைத்ததும் சவூதி லைனின் எதிரொலியும் கிடைத்துவிட்டது.

வெள்ளி மாலை நான்கு மணிக்குக் கம்ப்யூட்டர் வயரைக் கடை ஃபோனோடு சேர்த்து, அவர்கள் வீட்டு நம்பருக்குப் போட்டேன். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, அந்தம்மா கேட்கக் கேட்கப் பொருத்தமான துண்டைத் தட்டினேன். பதில் தாமதமானால் என்ன, வெளிநாட்டு ஃபோன் அப்படித்தானே.

"கொரலு இளைச்சிருக்கே வாப்பா," என்று அழுதார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, வெட்கங்கெட்டவன்.

அடுத்த வாரம் சும்மா இருந்திருக்கலாம். ஒரு கேசட்டில் அவன் குரலுக்குப் பின்னால், தூரத்தில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது. அந்த ஊர்ச் சத்தமும் இருக்கட்டும் என்று அதற்கும் கெயின் ஏற்றினேன். பள்ளிவாசல் தெருவில் பதினைந்து வருஷமாகக் கடை வைத்திருந்தும் எனக்குப் பாங்கு என்றால் எல்லாம் ஒன்றுதான்.

அந்த வெள்ளியும் அதே நான்கு மணிக்குப் போட்டேன்; பாங்கு ஒலித்ததும் அந்தம்மா பேச்சை விட்டு அதையே கேட்டார். பிறகு மெதுவாக விசாரித்தார்.

"ஃபாஜிலு, அங்க இப்ப மணி ஒன்றரை. இது சுபுஹு பாங்குல்ல? தூக்கத்தவிடத் தொழுகை மேலுன்னு பாங்குல விடியக்காலையில மட்டுந்தானே சொல்லுவாங்க?"

அவசரத்தில் கைக்கு வந்த துண்டைத் தட்டிவிட்டேன்.

"நல்லாருக்கேன் உம்மா," என்றான் ஃபாஜில், எதிரொலியோடு.

கதறப்போகிறார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழப்போகிறார், நான்தான் கொன்றேன் என்று நினைத்தேன்.

"ஃபோன்ல இருக்கிறது யாரு?"

"வீடியோக் கடை தியாகேசன்மா."

"எம்புள்ளைய எந்த ஊர்ல அடக்குனாங்க தம்பி?"

எனக்குத் தெரியாது. அவன் குரலை வெட்டி ஒட்டியவன், அதை ஹமீதாவிடம் கேட்கவே இல்லை.