பக்கம் மாறிய மரை

கார் கிளம்பிப் போய் இருபது நிமிஷம் ஆகியும் அவளுக்குக் கை கழுவத் தோன்றவில்லை. மூன்று வருஷமாகப் பட்டறையின் நடுவில் அந்தக் கார் நின்ற இடம் இப்போது காலியாகக் கிடந்தது. தரையில் இரண்டு சொட்டு எண்ணெய். குனிந்து விரலில் தொட்டுப் பார்த்தாள். பழைய எண்ணெய்தான். அப்படியும் மனசு அடங்காமல் இன்னொரு தடவை தொட்டு முகர்ந்தாள். பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவளை 'டபுள்செக்' என்று கூப்பிடுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பேர் வைத்தது அவள் அண்ணன். பட்டறையும் அவனுடையதுதான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சில வருஷங்களில் பிரிட்டனில் கையால் கட்டிய கார் அது. ஊர் விட்டு ஊர், நாள் முழுக்க ஓட்டிப் போவதற்கென்றே செய்தது. பச்சை நிறம், நீண்ட மூக்கு, இரண்டே கதவு, கம்பி வைத்த சக்கரங்கள். இன்னும் ஓடுகிற நிலையில் உலகத்தில் இருபதுகூட இருக்காது என்பார் அதன் சொந்தக்காரரான கண் டாக்டர். ஒரு கிடங்கில், கோழி அடைத்துவைத்திருந்த நிலையில் அவர் அதைக் கண்டுபிடித்தார். அண்ணனும் தங்கையும் அதை ஆணி ஆணியாகக் கழற்றி மறுபடி கட்டினார்கள்.

இன்று முதல் ஓட்டம். அண்ணன் ஓட்ட, டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து மலைமேல் இருக்கும் அணை வரை போய்வருவதாக ஏற்பாடு. முதல் ஓட்டத்தில் அண்ணன் போன் எடுத்துப் போகமாட்டான். காது காரிடம் இருக்க வேண்டும் என்பான். டாக்டரும் இன்றைக்கு இரண்டு மணி நேரம் தன்னை யாரும் கூப்பிடக்கூடாது என்று அறிவித்துவிட்டு, தன் போனை டிரைவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். டிரைவர் டாக்டரின் தினப்படிக் காரை வாசலில் நிறுத்திவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆள் கொஞ்சம் வாய் ஓயாதவர்.

"தங்கச்சி, இங்க வா. காலையில நீங்க சக்கரம் மாட்டினதை எடுத்தேன். டாக்டர் அவரோட கார்க் கூட்டத்துக்கெல்லாம் அனுப்பணும்னாரு. நல்லா வந்திருக்கான்னு பாரு."

அந்தக் காருக்குச் சக்கரத்தில் ஐந்து நட்டு கிடையாது. நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு, இரண்டு பக்கமும் காது முளைத்தது. அந்தக் காதைச் செப்புச் சுத்தியலால் தட்டித்தான் முறுக்க வேண்டும். வீடியோவில் காரின் இடப்பக்கம் தெரிந்தது. முன் சக்கரத்தில் அவள், பின் சக்கரத்தில் அண்ணன். டங், டங் என்று மாறி மாறிச் சத்தம்.

"தாளம் தப்பாமத்தான் அடிக்கிறீங்க," என்றார் டிரைவர். "ஆனா அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் என்ன சண்டை? அவரு அந்தப் பக்கம் அடிக்கிறாரு, நீ இந்தப் பக்கம் அடிக்கிற."

அவள் போனை வாங்கி மறுபடி ஓடவிட்டாள். அண்ணனின் சுத்தியல் காரின் வால் பக்கமாகப் போயிற்று. அவளுடையது மூக்குப் பக்கமாகப் போயிற்று. இரண்டும் முறுக்குகிற அடி. இரண்டும் காரின் ஒரே பக்கம்.

மூன்றாவது தடவையும் ஓடவிட்டுப் பார்த்தாள். அதேதான்.

ஒரு பக்கத்துச் சக்கரங்களுக்கு, நட்டு ஏறுகிற மரை ஒரே திசையில்தான் சுற்றியிருக்க வேண்டும். இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு அதற்கு நேர்மாறு. சக்கரம் உருள உருள நட்டு தானாக இறுகட்டும் என்றுதான் அந்தக் காலத்தில் அப்படி வைத்தார்கள். பக்கம் மாறினால், உருள உருள நட்டு கழலும்.

மரை இருப்பது சக்கரத்தைத் தாங்கும் ஹப்பில். பின் ஹப்புகளை அவர்கள் அச்சிலிருந்து கழற்றவே இல்லை. முன் ஹப்புகளை மட்டும், சக்கரம் கோக்கிற பல் தேய்ந்திருந்ததால் புதிதாக வெட்டுவதற்கு வெளியே கொடுத்தார்கள். திரும்பி வந்ததும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டவள் அவள். அதில் இடது, வலது என்று ஒட்டியிருந்த காகிதம் இரண்டும் கரைந்துபோயிற்று. நட்டுகளில் பொறித்திருந்த எழுத்தைக் குரோமியம் பூசுகிற கடைக்காரன் ஏற்கெனவே மழமழவென்று தேய்த்து அனுப்பியிருந்தான். பின் அச்சைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால், அது அப்போது வேறு பட்டறையில் இருந்தது. அவள் ஒரு மதியம் முழுக்கச் சாப்பிடாமல் படம் போட்டு யோசித்தாள். சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தப் பக்கமே நட்டும் திரும்பினால்தானே இறுகும்? நியாயமாகத்தான் பட்டது. அந்த நியாயப்படி மாட்டினாள். உண்மை அதற்கு நேர்மாறு.

அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அன்று காலைதான், கதவுக் கீலைப் பற்றி நாலாவது தடவை கேட்டதற்கு, "இந்தக் கார்ல நீ கேள்வி கேக்காத ஒரு சாமான் இருந்தா காட்டு, அதை ஃப்ரேம் போட்டு மாட்றேன்," என்று வந்திருந்த ஆட்கள் முன்னால் சொல்லியிருந்தான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஹப்பைப் பற்றிக் கேட்கவில்லை.

டிரைவரிடம் விஷயத்தை எப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே பிறகு ஞாபகம் இல்லை. முன் சக்கரம் கழண்டுபோகலாம் என்கிற அளவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவர் டீ டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தார். பட்டறைக் கதவைக்கூடச் சாத்தவில்லை.

புது இன்ஜினை அண்ணன் நாற்பதுக்கு மேல் விரட்டமாட்டான். இருபது நிமிஷம் முன்னால் போயிருக்கிறார்கள். டிரைவர் எண்பதில் போனால் மலை ஏறுவதற்குள் பிடித்துவிடலாம். அவள் விரல் விட்டுக் கணக்குப் போட்டாள், பிழையோ என்று மறுபடி போட்டாள். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. பதினைந்து கிலோமீட்டரில் அண்ணன் நிறுத்துவான். புதிதாக மாட்டிய சக்கரத்தை அந்த இடத்தில் மறுபடி ஒரு தட்டு தட்டி இறுக்குவது அவன் வழக்கம். நாலு சக்கரத்தையும் வால் பக்கமாகத்தான் தட்டுவான். பின்னால் இறுகும். முன்னால் அவன் கையாலேயே கழலும்.

"ஏன்மா கதவை இப்படிப் பிடிச்சுக்கிட்டிருக்க? நான் மெதுவாத்தான போறேன்," என்றார் டிரைவர். முள் தொண்ணூறைத் தாண்டியிருந்தது.

"மெதுவாப் போகாதீங்க," என்றாள்.

பதினைந்தாவது கிலோமீட்டரில் ஒரு பெட்ரோல் பங்க். பச்சைக் கார் இல்லை. பெட்ரோல் போடுகிறவர் ஆமாம், நின்றார்கள், போய்ப் பத்து நிமிஷம் இருக்கும் என்றார். அந்தக் காரைப் பார்க்க லாரிக்காரர்கள், பைக்கில் வந்தவர்கள், டயர் கடைக்காரர் வரை கூடிவிட்டார்களாம். யாரோ கதவைத் தடவிப் பார்க்க, கண்ணாடி போட்ட ஐயா பதறிப்போய்க் கிளம்பலாம் என்றாராம்.

அந்தப் பதிலில் அவளுக்கு வேண்டியது இல்லை. "சுத்தியலால சக்கரத்தைத் தட்டினாரா?"

"தட்டினாரு. பின்னாடி."

"முன்னாடி?"

"அதை யாரும்மா பார்த்தா? நாங்க காரைப் பார்த்துக்கிட்டு இருந்தோம்."

அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. மலைப் பாதை ஆரம்பமாயிற்று. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் முழங்கால் உயரச் சுவர், சில இடத்தில் அதுவும் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் அவள் முதலில் சுவரைத்தான் பார்த்தாள், உடைந்திருக்கிறதா என்று. பிறகு தார்ச்சாலையில் கீறல் இருக்கிறதா என்று. டிரைவர் பேச்சை நிறுத்திவிட்டார். அவர் பேசாமல் இருந்தது அவளை இன்னும் பயமுறுத்தியது. ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டாள். என்ன சொல்ல என்றார் அவர். பதினொரு வருஷமாக டாக்டருக்கு ஓட்டுகிறாராம், ஒரு தடவைகூட அவர் குரலை உயர்த்தியதில்லையாம். அதையும் பாதியில் விட்டுவிட்டார்.

ஏழாவது வளைவு தாண்டியதும் பச்சை தெரிந்தது.

கார் பாறையோரமாக நின்றுகொண்டிருந்தது. சக்கரம் நாலும் இருந்தன. அவள் இரண்டு தரம் எண்ணினாள். டாக்டர் சாலையோரக் கல்லில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் இட முன் சக்கரத்தருகே குத்துக்காலிட்டிருந்தான். கையில் செப்புச் சுத்தியல், தோளுக்கு மேலே.

வண்டி நிற்குமுன் அவள் கதவைத் திறந்துவிட்டாள். இறங்கி ஓடினாள்.

"அண்ணா, அடிக்காத."

சுத்தியல் அப்படியே நின்றது. "நீ எங்க இங்க? டிக், டிக்னு ஒரு சத்தம். நட்டு லேசா விட்டிருக்கு. ஒரு தட்டு தட்டினா..."

"தட்டினா கழண்டுடும். முன்னாடி ரெண்டு ஹப்பும் பக்கம் மாறியிருக்கு."

அண்ணன் அவளைப் பார்த்தான், நட்டைப் பார்த்தான். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, காதுகளை வெறும் கையால் பிடித்து மூக்குப் பக்கமாகத் திருப்பினான். சுத்தியலுக்கே முரண்டு பிடிக்க வேண்டிய நட்டு, கையாலேயே ஒரு விரற்கடை திரும்பி இறுகியது. எதிர்ப்பக்கம் அழுத்தினான். வழுக்கிக்கொண்டு வந்தது. பங்கில் முன் சக்கரம் பக்கம் போவதற்குள் டாக்டர் அவசரப்படுத்திவிட்டார் என்று தரையைப் பார்த்து மெல்லச் சொன்னான். அப்போது தட்டியிருந்தால் என்ற மீதியை அவன் சொல்லவில்லை.

டாக்டர் கல்லிலிருந்து இறங்கி வந்தார். அண்ணன் எழுந்து முந்திக்கொண்டான். "என் தப்பு டாக்டர். பட்டறை என்னுது, நான் பார்த்திருக்கணும்."

அவனை அப்படியே விட்டிருந்தால் அதோடு போயிருக்கும். டாக்டர் நம்பத் தயாராகத்தான் இருந்தார். அவள் அண்ணனைத் தாண்டி டாக்டர் முன்னால் வந்து நின்றாள்.

"மாட்டினது நான்," என்றாள். "அடையாளக் காகிதம் கரைஞ்சு போனது எனக்குத் தெரியும். எந்தப் பக்கம்னு நானா யோசிச்சு மாட்டினேன். கேட்டா சிரிப்பாங்கன்னு கேக்கல. அண்ணனுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

அண்ணன் அவளை அதட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கீழே கிடந்த சுத்தியலைக் காலால் ஓரமாகத் தள்ளினான். அவ்வளவுதான்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு, வண்டியைத் தூக்கிப் போகிற லாரிக்குப் போன் பண்ணும்படி டிரைவரிடம் சொன்னார். கார் பட்டறைக்கே போகட்டும் என்றார். ஆனால் இனி தான் அதில் ஏறுவதற்கு முன்னால் வெளியிலிருந்து ஓர் ஆள் வந்து அடிமுதல் நுனிவரை பார்ப்பான், அதில் யாரும் வருத்தப்படக்கூடாது என்றும் சொன்னார். குரல் உயரவே இல்லை. அண்ணன் தலையை ஆட்டினான். பதினாறு வருஷப் பட்டறையில் அவன் வேலையை இன்னொருவன் வந்து சரிபார்ப்பது இதுதான் முதல் தடவை. அவன் கழுத்து சிவந்ததை அவள் பார்த்தாள். அதை அவளால் எப்படியும் சரிசெய்ய முடியாது.

லாரி வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார் டிரைவர். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நாலு பேரும் காரின் நிழலில் ஒதுங்கினார்கள். டாக்டர்தான் மறுபடி பேசினார், அவளிடம்.

"இதே மாதிரி, கேக்கணும்னு நினைச்சுக் கேக்காம விட்டது வேற ஏதாவது இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடும்மா."

இல்லை என்று சொல்வது சுலபம். அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், இல்லை என்று சொல்லேன் என்பதுபோல.

"ரெண்டு இருக்கு," என்றாள்.

டிரைவர் ஐயோ என்று வாய்க்குள் சொன்னார். அண்ணன் கண்ணை மூடித் திறந்தான். பிறகு சட்டையைக் கழற்றிச் சாலையில் விரித்து, காரின் அடியில் மல்லாந்து நுழைந்தான். அவன் இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"சொல்லு," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "முதல்ல எது?"

"பெட்ரோல் குழாய். டாங்க் கிட்ட இருக்கிற கிளிப்பு."

அவன் முதுகைத் தேய்த்துக்கொண்டு டாங்க் பக்கம் நகரும் சத்தம் கேட்டது.