ஃபிலோமெனா மான்களுக்குப் புல் போட்ட குளிர்காலம்

ஆஸ்திரியாவில், எங்கள் டிரோல் மலையில் மான்களுக்குத் தீவனம் போடத் தொடங்கிவிட்டால், பனி உருகும்வரை நிறுத்தக்கூடாது. பாதியில் நிறுத்தினால், ஒரே இடத்தில் கூடிப் பழகிய மான்கள் பசியோடு கீழே இறங்கி, இளமரங்களின் பட்டையை உரித்துத் தின்றுவிடும். பட்டை போன மரம் உள்ளுக்குள் அழுகி, பிறகு ஒரு காற்றில் முறியும்.

தீவனம் போடும் வேலை ரோமெட்டுடையது. வேட்டைக் காட்டைக் குத்தகைக்கு எடுத்தவர் வியன்னாவில் இருந்தார். இலையுதிர் காலத்தில் நண்பர்களோடு வந்து, பெரிய கொம்புள்ள ஆண்மான் ஒன்றையோ இரண்டையோ சுட்டுவிட்டுப் போவார். மற்ற நாட்களில் காட்டைக் கவனிக்கும் சம்பளக்காரன் ரோமெட். குளிர்காலம் முழுவதும் மேட்டிலிருந்த கொட்டகைக்குத் தினமும் பிற்பகலில் போய், காய்ந்த புல்லும் புளிக்கவைத்த மக்காச்சோளத் தழையும் போட்டுவருவான்.

அந்த மேட்டுக்கு நேர்கீழே ஃபிலோமெனாவின் காடு. பழைய மரங்களையெல்லாம் ஒரு புயல் சாய்த்துவிட்டது. கணவர் இறந்த வருடம், அவள் தன் கையாலேயே குழி தோண்டி ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரக் கன்றுகளை நட்டாள். அவை ஆள் உயரம் தாண்டியபோது மான்கள் கடிக்க ஆரம்பித்தன. ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள்: "ரோமெட் மேட்டுல உட்கார்ந்து மாப்பிள்ளை விருந்து வைக்கிறான். விருந்து முடிஞ்சதும் மாப்பிள்ளைங்க பல்லு குத்த என் காட்டுக்கு வர்றாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ரோமெட் சிரிக்கவில்லை. அதன்பின் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

நான் அப்போது ஊராட்சியின் பனி தள்ளும் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஜனவரியில் விடாமல் பனி கொட்டியது. ரோமெட் கொட்டகைக் கதவைத் திறக்கும்போது கூரைப் பனி மொத்தமாகச் சரிந்து அவன்மேல் விழுந்தது. தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஹெலிகாப்டர் வந்து தூக்கிப் போனது. மறுநாள் காலை பனிச்சரிவு சாலையை மூடியது. சரிவுக்கு மேலே அகப்பட்டுக்கொண்டவர்கள் நானும் ஃபிலோமெனாவும்தான்.

அவள் அடுப்படியில் நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. எடுத்துக் கேட்டவள், அதன் ஒலியைக் கூட்டி மேசைமேல் வைத்தாள்.

"நீயா? உயிரோட இருக்கியா?"

"இருக்கேன்," என்றான் ரோமெட். "ஒரு உதவி."

"உன் மாப்பிள்ளைங்களுக்குச் சோறு போடணும். அதானே?"

"போடலன்னா உன் மரத்துக்குத்தான் வரும்."

"மிரட்டுறியா?"

"நடக்கப்போறதச் சொல்றேன், ஃபிலோமெனா. பனி தள்ளுற அந்தாளு வண்டிய விட்டு இறங்கி வருவான்னு எனக்கு நம்பிக்கை இல்ல. நீதான் மாட்டுக்குப் போட்டுப் பழகினவ."

"அவன் காதுல விழுதுடா," என்று என்னைப் பார்த்தபடி சொன்னாள். பிறகு, "சொல்லித் தொலை," என்றாள்.

அவன் சொன்னான். கொட்டகைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் என் கோட்டைப் போட்டுக்கொள், அந்த வாடை மான்களுக்குப் பழக்கம். வாளியைத் தட்டு. புல்லை ஒரே இடத்தில் குவிக்காதே, தள்ளித் தள்ளிப் போடு; இல்லாவிட்டால் பெரியவை சின்னவற்றை அண்டவிடாது. போட்டதும் விலகிப் போய்விடு.

முதல் நாள் அவள் கோட்டைத் தொடவில்லை. வாளியைத் தட்டிவிட்டு நாங்கள் கொட்டகைக்குள் நின்று பார்த்தோம். மர விளிம்பில் செம்மான்கள் நிழல்போல நின்றன. காற்று எங்கள் வாடையைக் கொண்டுபோனதும் திரும்பி மறைந்தன. விடிந்தபோது அவளுடைய இளமரங்களில் ஒரு வரிசை பட்டை உரிந்து வெள்ளையாக இருந்தது. பல் பதிந்த தடத்தில் பிசின் வடிந்திருந்தது. அவள் அழவில்லை. மரத்தில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

அன்று பிற்பகல் கோட்டைப் போட்டுக்கொண்டாள். புகையிலையும் ஈரக் கம்பளியும் கலந்த நாற்றம். பொத்தான் போடும்போதே முகத்தைச் சுளித்தாள். கை நீளமாக இருந்ததால் மடித்துவிட்டேன். வாளியைத் தட்டினாள். முதலில் ஒரு பெண்மான் இறங்கியது. அதன் பின்னால் குட்டி. பிறகு எல்லாம் வந்தன.

அவற்றை அவ்வளவு பக்கத்தில் அவள் பார்த்ததில்லை போலும். "தின்னு தின்னு கொழுத்திருக்கும்னு நெனச்சேன்," என்றாள். "எலும்பு தெரியுதே."

அதற்கப்புறம் நான் கூப்பிடுவதற்கு முன்பே கிளம்பிவிடுவாள். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போவது மாதிரி முகம் கழுவிக்கொண்டு போனாள் என்றெல்லாம் சொல்லமாட்டேன், முணுமுணுத்துக்கொண்டேதான் போனாள். ஆனால் ஒருநாள்கூடத் தவறவில்லை.

கூட்டத்தில் ஒரு கிழட்டுப் பெண்மான் இருந்தது. புல்லை வாயில் எடுத்து மென்று மென்று, உருண்டையாகக் கீழே போட்டுவிடும். ஃபிலோமெனா தன் மாடுகளுக்கு வைத்திருந்த ஆப்பிள் சக்கையை வாளியில் கொண்டுபோய் அதற்கென்று தனியாக வைத்தாள். அது வருவதற்குள் மற்றவை தின்றுவிட்டன. வீட்டுக்கு வந்ததும் ரோமெட்டுக்குப் போன் செய்தாள்.

"ஒண்ணு திங்கமாட்டேங்குது."

"காது கிழிஞ்ச மானா? பல்லு போயிடுச்சு அதுக்கு. பனி உருகுறவரை தாங்காது. அக்டோபர்லயே சுட்டிருக்கணும், கண்ல படல."

"சுடறதுக்குத்தான் சோறு போடுறியா?"

"சோறு போடுறதாலதான் சுட வேண்டியிருக்கு," என்றான். "நான் போடலன்னா குளிரே பாதிய எடுத்துக்கும். போட்டா எல்லாம் பொழைக்குது, பெருகுது. பெருகினா உன் மரம் போகுது."

"அப்ப ஏன் கொம்பு உள்ளதையே சுடுறீங்க? குட்டி போடுறது பொட்ட தானே?"

"பொட்ட மான் தலைய எந்தப் பணக்காரன் செவத்துல மாட்டுவான்?"

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

கிழட்டு மான் அவளுடைய காட்டின் ஓரத்திலேயே விழுந்து இறந்தது. நரி வருவதற்கு முன் அவள் போய்ப் பார்த்தாள். நானும் போனேன். அதன் வாயைத் திறந்து பார்த்து, "மொட்டையா இருக்கு," என்று மட்டும் சொன்னாள்.

சாலை திறந்து வேறொரு வேட்டைக்காவலன் வந்தபோது, கோட்டை அவனிடம் கொடுத்து, போடாமல் போகாதே என்று எச்சரித்தாள்.

பனி போனபின் ரோமெட் ஊன்றுகோலோடு அவள் வாசலுக்கு வந்தான். அவள் உள்ளே கூப்பிடவில்லை. நேரே பட்டை போன மரங்களிடம் கூட்டிப் போனாள். அதை ஒட்டியிருந்த என் வேலியை நான் சரிசெய்துகொண்டிருந்ததால் எல்லாம் கேட்டது.

"முதல் நாள் கோட்டு போடலையா?" என்றான்.

"நாறுச்சு."

அவன் தலையாட்டினான்.

"தீவன மேட்ட மாத்து," என்றாள் அவள். "என் மேல்புல்வெளிய எடுத்துக்கோ. வெயில் படும், சரிவு வராது, கீழ இளமரம் இல்ல. வாடகை வேணாம். ஆனா இலையுதிர் காலத்துல பொட்ட மான சுடணும். நெறைய. உங்காளுகிட்டச் சொல்லு."

"அவர் ஒத்துக்கமாட்டார்."

"அப்ப அடுத்த ஜனவரிக்கு அவரே வந்து வாளியத் தட்டட்டும்."

குத்தகைக்காரர் முதலில் மறுத்தார். ரோமெட், என் கால் இனி அந்தப் பழைய மேடு ஏறாது, ஒத்துக்கொள்ளாவிட்டால் வேலையை விட்டுவிடுகிறேன் என்றான். வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டார்.

அக்டோபரில் காட்டிலிருந்து துப்பாக்கிச் சத்தம் அடிக்கடி கேட்டது. சத்தம் வரும்போதெல்லாம் ஃபிலோமெனா செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்துவாள். பிறகு தொடர்வாள்.

மாதக் கடைசியில் ரோமெட் ஒரு பெண்மானின் ஈரலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். நான் அங்கே இருந்தேன். அவள் பிரித்துப் பார்த்தாள்.

"நான் புல் போட்டதுல ஒண்ணா?"

"இருக்கலாம்," என்றான். "நல்லா கொழுத்திருந்துச்சு."

அவள் வெங்காயத்தை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள். "உட்காரு," என்றாள் அவனிடம். மூவரும் சாப்பிட்டோம்.