சின்னச் சங்கு எந்தத் தட்டில்?

1

இந்தக் கதை ஒரு சட்டைப் பொத்தானிலிருந்து தொடங்கியது. இன்னும் உண்மையாகச் சொன்னால், நான் செய்த ஒரு சின்னத் திருட்டுத்தனத்திலிருந்து.

சிறு பிள்ளைகளின் பெற்றோருக்கு வாராவாரம் குறிப்பு எழுதுவது என் வேலை. பருப்புகளைக் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு அதன்மேல் நடக்க விடுங்கள். வாசலில் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்க்கச் சொல்லுங்கள். பிள்ளை அழுதால் முதலில் பக்கத்தில் உட்காருங்கள், பேச்செல்லாம் பிறகு. (எனக்கும் இரண்டு பிள்ளைகள். இரண்டும் என் குறிப்பு எதையும் மதிக்காமல்தான் வளர்ந்தன.)

போன வருடம் 'எல்கேஜிக்கு உங்கள் பிள்ளை தயாரா?' என்று இருபது கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்தேன். பதினைந்துக்கு 'ஆம்' வந்தால் தயார் என்று அடியில் எழுதினேன். ஏன் பதினைந்து என்று கேட்காதீர்கள், பார்க்க நன்றாக இருந்தது. எங்கிருந்தோ எடுத்த பதினான்காவது கேள்வியில் 'பொத்தான்களை' என்று இருந்தது. நம் பக்கத்து வாசம் வரட்டுமே என்று அதை அடித்துவிட்டு 'சங்குகளை' என்று மாற்றினேன்.

14. சங்குகளைப் பெரியது, சிறியது என இரண்டு தட்டுகளில் பிரிக்கிறதா? ஆம் / இல்லை.

நான் ஸ்ரீவைகுண்டத்துக்காரி. நெல் வயலைப் பற்றிக் கேளுங்கள், விடிய விடியச் சொல்வேன். சங்கைப் பற்றி அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அது வெள்ளையாக இருக்கும் என்பதுதான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"தூத்துக்குடியின் உப்புக்காற்று விஜிலாவின் கூந்தலைக் கலைத்தபோது அவள் மனம்..."

வேண்டாம். விஜிலா இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வேலை நேரம் முழுக்கத் தலையில் தொப்பி. கூந்தல் கலைய வழியே இல்லை.

அடுத்தது: "அந்தக் கொடுமைக்கார டீச்சருக்கு..."

இதுவும் வேண்டாம். ஏன் என்று பின்னால் தெரியும்.

நடந்ததையே சொல்கிறேன். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் போன் வந்தது.

"அக்கா, நீங்கதான அந்தப் பட்டியல் எழுதுன பேச்சிச்செல்வி? அடியில பேரும் நம்பரும் போட்டிருக்கு."

"ஆமா. யாரும்மா நீ?"

"நான் தூத்துக்குடி திரேஸ்புரத்துல இருந்து விஜிலா பேசுதேன். ஸ்கூல்ல எம் பிள்ளைக்குப் பதினாலாவதுல இல்லன்னு போட்டுட்டாவக்கா."

அவள் மகள் ஸ்டெபி. நாலு வயது, பிரீகேஜி. டீச்சர் கடையில் வாங்கிய வர்ணம் பூசின சங்குகளையும் இரண்டு தட்டுகளையும் கொடுத்திருக்கிறார். ஸ்டெபி ஒவ்வொரு சங்கின் முன்னாலும் விரலை வளைத்து வளைத்துப் பார்த்திருக்கிறாள். பெரியதையெல்லாம் ஒரு தட்டில் வைத்தாள். சின்னதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கை கழுவுகிற குட்டி வாளிக்குள் போட்டாள். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. வகுப்பில் அவள் வாயைத் திறந்ததே இல்லையாம். 'சொன்னதைச் செய்யவில்லை. கைகளைத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி அசைக்கிறாள். திருநெல்வேலியில் டாக்டரிடம் காட்டவும்' என்று டீச்சர் எழுதியிருந்தார். மொத்தம் பதினாலு 'ஆம்'. ஒன்று குறைகிறது. திங்கட்கிழமை அப்பாவும் அம்மாவும் வந்து பேச வேண்டும், இல்லையென்றால் இன்னொரு வருடம் அதே வகுப்பு.

"இன்னொரு வருசம் இருந்துட்டுப் போறான்னு அவ அப்பா சொல்லுதாவ. எனக்கு வருசம் பெருசு இல்லக்கா. எம் பிள்ளைக்கு என்னமோ இருக்கோன்னு நெனச்சி நெனச்சி சோறே எறங்க மாட்டேங்கு. வீட்டுல வாய் ஓயாமப் பேசுதா. அங்கன போயி ஏன் இப்படி இருக்கா?"

(பெற்றோருக்கு ஒரு குறிப்பு: பிள்ளையைப் பற்றிச் சந்தேகம் வந்தால் டாக்டரைப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இதை விஜிலாவிடமும் சொன்னேன். "பாக்கத்தான் போறேன். ஆனா உங்க சங்கு சொல்லியாக்கா நான் பாக்கணும்?" என்றாள்.)

3

ஸ்டெபியின் அப்பா ஜாய்சன் சங்கு குளிக்கிறவர். கடலில் முங்கி, அடித்தரையில் கிடக்கிற சங்கை எடுத்துவருகிற வேலை. இவரை எழுதுவதில் எனக்குச் சிக்கல். கதைகளில் வருகிற கடல்காரர் ஒன்று முரடராக இருப்பார், இல்லையென்றால் ஞானியாக இருப்பார். ஜாய்சன் இரண்டும் இல்லை. போனில் கிரிக்கெட் பார்ப்பார். பள்ளிக்கூடத்துக்கு வா என்றால் வயிற்றுவலி வந்துவிடும்.

சனிக்கிழமை விஜிலா லீவு போட்டாள். பிள்ளையை ஒருதடவை பார்த்துவிட வேண்டும் என்று நானும் பஸ் ஏறினேன். போனால் பிள்ளை வீட்டில் இல்லை.

"சனிக்கிழமன்னா வள்ளம் வந்ததும் அவ அப்பா கரைக்குக் கூட்டிட்டுப் போயிருவாவ. நான் கம்பெனியில இருப்பேன்லா, அங்கன என்ன செய்யுதான்னு பாத்ததே இல்ல" என்று சொல்லிக்கொண்டே குசினியில் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். இருவரும் கரைக்கு நடந்தோம்.

ஜாய்சன் மணலில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு குவியல் சங்கு, கையில் ஓர் இரும்பு வளையம். ஒவ்வொரு சங்காக எடுத்து வளையத்துக்குள் விட்டுப் பார்த்தார். நுழையாமல் நின்றால் சாக்குக்குள் போட்டார். நுழைந்துவிட்டால், திரும்பிக்கூடப் பார்க்காமல் பக்கவாட்டில் நீட்டினார். அங்கே ஸ்டெபி நின்றாள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து, தன் பங்குக்கு அவளும் ஒருதடவை அளந்தாள். பிறகு இரண்டு கையாலும் வாங்கி, முழங்கால் தண்ணீர் வரைக்கும் நடந்துபோய், குனிந்து வைத்துவிட்டு வந்தாள். எறியவில்லை, வைத்தாள்.

விஜிலா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அந்தக் கை."

"நுழைஞ்சா சிறுசு" என்றார் ஜாய்சன், எனக்கு விளங்கட்டும் என்று. "சிறுசத் திரும்பக் கடல்ல விட்டுரணும். அது வளரணும்லா? இவ என்னைய விட உசாரு. ஒண்ணு தப்பிச் சாக்குக்குள்ள போச்சுன்னா சண்டைக்கு வந்துருவா."

டீச்சர் எழுதின தாளை விஜிலா பைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். "கேள்வி எழுதுனது இந்த அக்காதான்." அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"பிள்ள சரியாத்தான செஞ்சிருக்கா. இதுக்கு எதுக்கு இல்ல?"

கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு வேண்டியதுதான்.

விஜிலா மணலில் உட்கார்ந்து அழுதாள். கொஞ்ச நேரத்தில் சிரித்தாள். அப்புறம் புருசனை வைய ஆரம்பித்தாள். "இத முந்தியே சொன்னா என்ன?"

"நீ எங்க சங்குன்னு சொன்ன? கைய வளைக்கான்னு மட்டுந்தான சொன்ன. நான் என்னமோ சீக்குன்னுலா நெனச்சேன். அத டீச்சர் வாயால கேக்கத் தெம்பு இல்லாமத்தான் ஸ்கூலுக்கு வரலன்னேன்."

ஆக இந்த மனிதரும் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். (மேலே வயிற்றுவலி என்று கேலி செய்த வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும். நான் எப்படி ஆள் பார்க்கிறவள் என்று உங்களுக்கும் தெரியட்டும்.)

4

முடிவு ஒன்று: டீச்சர் கண்கலங்கி ஸ்டெபியை வாரி அணைத்துக்கொள்கிறார். வகுப்பே கைதட்டுகிறது. — இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. நாலு வயசுப் பிள்ளைகள் எதற்குக் கைதட்டும், எதற்குத் தட்டாது என்று யார் கண்டது?

முடிவு இரண்டு: "ரூல்னா ரூல்தான்" என்று டீச்சர் சொல்லிவிடுகிறார். ஸ்டெபி அதே வகுப்பில். நீங்கள் டீச்சரைத் திட்டுவீர்கள். பட்டியல் எழுதினவளை யாரும் திட்டமாட்டீர்கள். எனக்கு ரொம்ப வசதியான முடிவு, அதனால்தான் அதை விட்டுவிட்டேன்.

5

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். டீச்சர் பெயர் ஜெயசெல்வி. இருபத்துநாலு வயது இருக்கும். முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கு அவர் ஒருவர்தான். ஒன்று மடியில் உட்கார்ந்திருந்தது, ஒன்று துப்பட்டாவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"மேடம், எனக்குக் கேட்டுக்க ஆள் இல்ல" என்றார் என்னிடம். "உங்க பட்டியலத்தான் நம்பி வச்சிருக்கேன்." மரியாதையாகத்தான் சொன்னார்.

ஜாய்சன் கோயிலுக்குப் போடுகிற சட்டையில் வந்திருந்தார். வளையத்தை மேசையில் வைத்து, தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொன்னார். ஜெயசெல்வி வளையத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு ரப்பரை எடுத்து, ஸ்டெபியின் தாளில் கை அசைவு என்று எழுதியதை அழித்தார். பதினான்காவதில் இருந்த 'இல்லை'யையும் அழித்தார். அங்கே பென்சில் நின்றது.

"மேடம், கேள்வியில ரெண்டு தட்டுன்னு இருக்கு. அவ ஒரு தட்டுலதான வச்சா. ஆம்னு போட்டா பொய்யாயிரும். இல்லன்னு போட்டா அதவிடப் பெரிய பொய்யாயிரும். இந்த ஒண்ணு ஆம்னா பதினஞ்சு, எல்கேஜிக்கு அனுப்பிருவேன். நீங்க எழுதுன கேள்விதான, நீங்களே போடுங்க."

பென்சிலை என்னிடம் நீட்டினார்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஸ்டெபி கை கழுவுகிற வாளியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். உள்ளே, போன வாரம் போட்ட சின்னச் சங்குகள் அப்படியே கிடந்தன.

"டீச்சர், இத எப்ப கடல்ல விடுவீங்க?"

ஜெயசெல்வி குனிந்து வாளிக்குள் பார்த்தார். "இவ குரல இப்பத்தான் கேக்கேன்" என்றார் மெதுவாக.

அவை கடைச் சங்குகள், உள்ளே உயிர் இல்லை என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

6

இங்கே 'ஆம்' என்று எழுதிக் கதையை முடிக்க எனக்கு ஒரு நிமிடம் போதும். கை வரமாட்டேன் என்கிறது. அந்தப் பட்டியல் எத்தனையோ வாட்ஸ்அப் குரூப்புகளுக்குப் போய்விட்டது, இனி என்னால் திரும்ப வாங்க முடியாது. ஸ்டெபிக்காவது கரைக்கு நடந்துபோய்ப் பார்க்க ரெண்டு பேர் இருந்தோம். வேறெங்கோ ஒரு பிள்ளை ஒன்பதாவது கேள்விக்குத் தன் வழியில் சரியாகச் செய்துவிட்டு, ஒரு 'இல்லை'யோடு உட்கார்ந்திருக்கும். அது உங்கள் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம், உங்கள் வீட்டு பிரிட்ஜில் ஒட்டியிருப்பதும் என் பட்டியலாகவே இருக்கலாம்.

கட்டம் காலியாக இருக்கிறது. பென்சிலை உங்கள் கையில் தருகிறேன், எதைப் போடலாம் என்று நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். வாளி நிறையத் தண்ணீர், பிள்ளை இன்னும் அதைக் கீழே வைக்கவில்லை.