எய்வின் என்றொரு பெயர்

டிஜோ வந்து நின்றபோது விக்டோரியா மீன் சருவத்தைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கூடவே அவன் மனைவி ஷிஜி. அவள் தோளில் இரண்டு மாதத்துப் பயல் தூங்கிக்கொண்டிருந்தான்.

"மாமி, வாற ஞாயித்துக்கிழமை பிள்ளைக்கு ஞானஸ்நானம். நீங்கதான் தலைதொட்டம்மா" என்றான் டிஜோ.

விக்டோரியாவுக்கு முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. ஞானஸ்நானத் தொட்டியருகே பிள்ளையை ஏந்தி நிற்கிற ஞானத்தாயைத்தான் எங்கள் கரையில் தலைதொட்டம்மா என்போம். வயிறு திறக்காத ஒரு பெண்ணை அந்த இடத்துக்குக் கூப்பிட இனயம் ஊரில் எத்தனை பேருக்கு மனசு வரும்? அவள் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுப் பிள்ளையை வாங்கப் போனாள்.

"பேரு என்னலே வைக்கப் போறிய?"

டிஜோ தரையைப் பார்த்தான். "மாமாக்க பேருதான். எய்வின். மாமாக்க ஓர்மைக்கு."

நீட்டின கை அப்படியே நின்றது.

"ஓர்மைக்கா? ஓர்மைக்கு வைக்கதுக்கு அவரு செத்தா போனாரு? அந்தப் பேருக்கு ஆளு உண்டுலே. போ, வேற பேரு பாரு."

விக்டோரியாவின் புருஷன் எய்வின் ஒக்கிப் புயலில் கடலோடு போனவர்; அதே படகில் போன டிஜோ பிழைத்து வந்தான். வருஷம் ஏழு ஆகிவிட்டது. அரசாங்கம் சான்றிதழ் கொடுத்தாயிற்று, ஊர் துக்கம் விசாரித்து முடித்தாயிற்று. ஆனால் உடல் கரைக்கு வரவில்லை. உடல் வராததால் விக்டோரியா படத்துக்கு மாலை போடவில்லை, கோயிலில் இறந்தவர் பூசை ஒன்றுகூடச் சொல்லவில்லை. லட்சத்தீவிலோ மாலத்தீவிலோ எங்கேயோ ஒதுங்கியிருப்பார், தலையில் அடிபட்டு எல்லாம் மறந்திருக்கும், ஒருநாள் திரும்பி வருவார் என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளோடு வாதாடி ஜெயிக்க ஊரில் ஆள் கிடையாது.

அந்தப் பெயரின் கதை வேறு ஒரு கதை. இனயத்துக்கும் அந்தப் பெயருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதவர்கள் இல்லை.

விக்டோரியாவின் மாமனார் சிலுவையான், இளவட்டத்தில் கொல்லத்துப் பக்கம் நீண்டகரையில் வேலை பார்த்தார். நார்வேக்காரர்கள் மோட்டார் படகு கொண்டுவந்து நம் ஆட்களுக்குப் பழக்கிக்கொடுத்த காலம் அது. ஒருநாள் காயல் கடலோடு சேர்கிற பொழிமுகத்தில் அலை தூக்கி அடித்ததில் சிலுவையான் கயிறு காலில் சுற்றியபடி கடலில் விழுந்துவிட்டார். எஞ்சின் பார்க்கிற வெள்ளைக்காரன் ஒருத்தன், ஆறடி உயரம், நீச்சல்காரர்கள் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே பூட்சுக் காலோடு சாடிவிட்டான். கயிற்றை அறுத்து ஆளை மேலே கொண்டுவந்து போட்டுவிட்டு, தன் பூட்சுக்குள் நிறைந்த தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தானாம். அவன் பெயர் எய்வின். அதாவது சிலுவையானின் வாய்க்கு அப்படித்தான் வந்தது. அவன் ஊரில் எப்படிச் சொல்வார்களோ, அந்த மாதாவுக்குத்தான் தெரியும்.

அடுத்த வருஷம் இனயத்தில் சிலுவையானுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. எய்வின் என்றுதான் வைப்பேன் என்று மனுஷன் ஒற்றைக்காலில் நின்றார். அப்படி ஒரு புனிதரே கிடையாது, எழுத மாட்டேன் என்றார் அன்றைய பங்குச் சாமியார். "கடல்ல கிடந்தவனைக் கரையேத்துனவன் எனக்குப் புனிதன்தான் சாமி" என்றார் சிலுவையான். கடைசியில் முன்னால் ஒரு அந்தோணியைச் சேர்த்து, அந்தோணி எய்வின் என்று முடிவாயிற்று. கோயிலை விட்டு வெளியே வந்ததும் அந்தோணி கழன்றுபோனார், எய்வின் மட்டும் நின்றது.

சூசைகளும் மிக்கேல்களும் சவேரியார்களும் நிறைந்த கரையில் அந்தப் பயல் பட்ட பாடு கொஞ்சமா! விக்டோரியாவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட, பெயரைக் கேட்ட அவளுடைய அப்பா, "என்னடே இது, இருமல் மருந்துக்க பேரு மாதிரி கிடக்கு" என்று தரகரிடம் சடைத்துக்கொண்டார். கதவுக்குப் பின்னால் நின்ற விக்டோரியாவுக்கு மட்டும் அது பிடித்திருந்தது. ஊரில் வேறு யாருக்கும் இல்லாத பெயர் தனக்கு வரப்போகிற ஆளுக்கு இருக்கிறதே என்று ஒரு கள்ளப் பெருமை.

பிறகு காலம் திரும்பியது பாருங்கள், அதுதான் வேடிக்கை. அவர்கள் கல்யாணமான கையோடு ஊரெங்கும் லிபின், ஜெபின், அஜின், ஷெர்வின் என்று பிள்ளைகள் பிறக்க ஆரம்பித்தார்கள். அப்பன் பெயரில் பாதி, அம்மை பெயரில் பாதி, வாலில் ஒரு இன். அறுபதுகளில் யாரும் சீண்டாத பெயர் திடீரென்று புதுத் துணி உடுத்தியது போல ஆகிவிட்டது. "ஒங்க மகனுக்க பேரா அக்கா?" என்று, ரேஷன் கார்டில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, சொட்டுமருந்து போட வந்த நர்சு கேட்டுவிட்டாள். விக்டோரியா இரண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

போதாக்குறைக்கு அந்தக் கிறிஸ்மஸ் கால்பந்துப் போட்டி. இனயம் அணிக்கு எய்வின்தான் கோலி. இறுதி ஆட்டத்தில் எதிராளி அடித்த அடிகளையெல்லாம் சுவர் மாதிரி நின்று தடுத்தார். மைக்கில் இஸ்ரவேல் அண்ணன் தொண்டை கிழிய, "எய்வின்! எய்வின்! மறுபடியும் எய்வின்!" என்று கத்தியது கடற்கரை முழுக்கக் கேட்டது. அடுத்த வருஷமே ஊரில் மூன்று குட்டி எய்வின்கள். தெருவில் யாராவது அந்தப் பெயரைக் கூப்பிட்டால் விக்டோரியா அடுப்படியில் இருந்தபடியே சிரித்துக்கொள்வாள்.

அவள் மட்டும் அதைச் சொன்னதே கிடையாது. பெயரைச் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று அவளுடைய அம்மை சொல்லி அனுப்பியிருந்தாள். நம்பினாளோ இல்லையோ, சோதித்துப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. மற்றவளுக்கெல்லாம் பிள்ளை பெயரைச் சொல்லி, 'இன்னாருக்க அப்பா' என்று கூப்பிட வழியிருந்தது. இவளுக்கு அதுவும் இல்லை. "இந்தாருங்க" என்ற ஒற்றைச் சொல்லிலேயே குடும்பம் நடத்தினாள். வாயால் சொல்லாததை ஊரார் வாயால் கேட்டுக் கேட்டுத் தீர்த்துக்கொண்டாள் என்றுதான் சொல்லவேண்டும்.

புயலுக்குப் பிறகு அந்தப் பெயர் ஊரில் அடங்கிப்போயிற்று. மூன்று குட்டி எய்வின்களில் ஒருத்தன் மஸ்கட்டுக்குப் போனான், ஒருத்தன் கல்யாணம் கட்டி மார்த்தாண்டத்தோடு இருந்துவிட்டான், மூன்றாமவனை வீட்டில் கண்ணன் என்றே கூப்பிடுகிறார்கள். விக்டோரியாவின் முன்னால் யாரும் அதைச் சொல்லத் துணிவதில்லை. 'ஒங்க வீட்டுக்காரரு' என்பார்கள், அதோடு நிறுத்திக்கொள்வார்கள். மரியாதைதான். ஆனால் அந்த மரியாதை அவளைத் தின்றுகொண்டிருந்தது.

மறுநாள் கருங்கல் சந்தைக்குப் போகிற மீன் டெம்போவில் லீமா பிடித்துக்கொண்டாள். லீமா அவளோடு சேர்ந்து இருபது வருஷமாக மீன் விற்கிறவள். வாய்க்குக் கதவு கிடையாது.

"ஏட்டி, அந்தப் பயலை விரட்டிவிட்டியாமே? ஷிஜிக்க தங்கச்சி போனைப் பாத்து ரயான்னு ஒரு பேரு எடுத்து வச்சிருக்கா. ரயானாம்! அதை வச்சிட்டுப் போவட்டு. ஒனக்க ஆளுக்க பேரு ஒனக்க வீட்டுக்குள்ளயே கிடந்து மட்கட்டு."

"நான் சம்மதிச்சா அவரு செத்துட்டாருன்னு நானே சொன்ன மாதிரி ஆவாதா லீமா?"

"நீ சம்மதிக்கல்லன்னா வந்துருவாரா?"

விக்டோரியா முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுக்குத் தேங்காப்பட்டணம் துறைமுகம் நினைவுக்கு வந்துவிட்டது. கடைசியாகப் படகேறின அன்று அவர் தலைவலித் தைலத்தை மறந்து வைத்துவிட்டுப் போனார். அது இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது. குப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். படகு அவிழ்த்தாயிற்று, எஞ்சின் இரைகிறது. "இந்தாருங்க! இந்தாருங்க!" என்று கத்தினாள். பக்கத்துப் படகுகளில் நின்ற ஐந்தாறு புருஷன்மார் திரும்பிப் பார்த்தார்கள். எல்லார் வீட்டிலும் அதே கூப்பாடுதானே! அவர் மட்டும் திரும்பவில்லை. யாரோ யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்திருப்பார். பெயர் தொண்டை வரைக்கும் வந்தது. அத்தனை ஆண்கள் நடுவில் வெட்கம் பிடித்து இழுத்தது, ஆயுசு பயம் வாயை அடைத்தது. திரும்பி வந்துவிட்டாள். குப்பி இப்போதும் மாதா படத்துக்குக் கீழே இருக்கிறது.

ஒரு தடவை சொல்லியிருந்தால் முகத்தைப் பார்த்திருக்கலாம். அதை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் நெஞ்சு எரியும்.

சந்தையில் அன்று நல்ல பால்சுறா கிடைத்தது. பெற்றவளுக்குப் பால் ஊற அதுதான் நல்லது. கோபம் பேரின் மேல்தானே, பிள்ளையின் மேல் என்ன கோபம் என்று, சாயங்காலம் அதைக் கழுவி எடுத்துக்கொண்டு டிஜோ வீட்டுக்குப் போனாள். ஷிஜி மீனை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். டிஜோ பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். பிறகு, ஏழு வருஷமாகச் சொல்லாததைச் சொல்ல ஆரம்பித்தான்.

"படகு மறிஞ்சப்போ எனக்கும் மாமாக்கும் சேத்து ஒரு கேன்தான் மாமி கைல கிட்டிச்சு. ரெண்டு பேரைத் தாங்காது, முங்குது. மாமா கையை விட்டுட்டாரு. 'நீ சின்னப் பயலுல்லா, பிடி, நான் பலகை ஏதாவது பாக்கேன்'னு நீந்திப் போனாரு. இருட்டுல ஒண்ணும் தெரியல்ல. நான் 'எய்வின் மாமோ'ன்னு கூப்பிடுவேன். 'இங்க உண்டுலே'ன்னு கேக்கும். பின்னயும் கூப்பிடுவேன், பின்னயும் கேக்கும். கொஞ்சம் தூரத்துல, பின்ன அதுக்கும் தூரத்துல."

டிஜோ பிள்ளையின் தலையைத் தடவினான்.

"பின்ன கேக்கல்ல மாமி. நான் விடியது வரை கூப்பிட்டுட்டே கிடந்தேன்." அவன் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அதுக்குப் பிறகு அந்தப் பேரைக் கூப்பிட்டா திரும்பதுக்கு ஊர்ல ஆளில்ல. ஒருத்தனாவது திரும்பட்டேன்னுதான் கேட்டேன். ஒங்க மாமனாரு வச்சதும் இதுக்குத்தான மாமி? கடல்ல கைகொடுத்தவனுக்க பேரு."

விக்டோரியா அழவில்லை. எழுந்து வாசல் வரை போனாள், திரும்பி வந்தாள். பிள்ளையை அவன் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.

"ஏன்லே இதை இம்புட்டு நாளா என்கிட்ட பறையல்ல?"

"நீங்க கேக்கல்லியே மாமி. கேட்டா அவரு வரமாட்டாருன்னு தெரிஞ்சு போவுமேன்னு நீங்க கேக்கல்ல. எனக்குத் தெரியும்."

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அங்கேயே இருந்தாள். கிளம்பும்போது, "ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குக் கோயில்ல நிக்கணும்?" என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூட்டம் கலையாமல் நின்றது. பிள்ளை விக்டோரியாவின் கையில், தலையில் சரிகைத் தொப்பி, கண் மெழுகுவர்த்தியின் மேல். தலைதொட்டம்மாதான் பெயரைச் சொல்லவேண்டும், அதுவும் கோயிலுக்குக் கேட்கிற மாதிரி. எங்கள் கரையின் வழக்கம் அது. புதிதாக வந்திருந்த சின்னச் சாமியாருக்கும் அதைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கிறீர்கள்?" என்று கேட்டார் அவர்.

விக்டோரியா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. ஷிஜி புருஷனைப் பார்த்தாள், டிஜோ உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். பின்வரிசையில் லீமா வேண்டுமென்றே ஒரு இருமல் இருமினாள். அப்புறம் விக்டோரியாவின் உதடு அசைந்தது. அது பிள்ளைக்காவது கேட்டிருக்குமோ என்னவோ.

"கேட்கவில்லையே அம்மா. கொஞ்சம் சத்தமாக."

அவள் கண்ணை மூடினாள். துறைமுகம் தெரிந்தது. எஞ்சின் இரைச்சல், அந்த முதுகு, அந்த நீலச் சட்டை. மூச்சை இழுத்தாள்.

"எய்வின்!"

அது பெயர் சொல்கிற சத்தமா? கரையில் நின்று படகைக் கூப்பிடுகிற சத்தம். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மெழுகுவர்த்தியையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை, தொப்பி சரிய, முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தது.

"திரும்பிட்டாம்லே, டிஜோ" என்றாள் விக்டோரியா. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஏழு வருஷத்து அழுகை, லேசில் நிற்குமா? லீமா வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் ஊற்றி முடிகிறவரை அவள் பிள்ளையை யாரிடமும் கொடுக்கவில்லை.

எல்லாரும் படம் எடுக்க வெளியே போன பிறகு, அவள் பிள்ளையோடு சாமியாரின் அறை வாசலில் போய் நின்றாள்.

"சாமி, அடுத்த வாரம் ஒரு பூசை சொல்லணும். இறந்தவங்களுக்க பூசை."

"சொல்லலாமே அம்மா. யாருடைய பெயருக்கு?"

"எய்வினுக்கு."

சின்னச் சாமியார் திடுக்கிட்டு அவள் கையிலிருந்த பிள்ளையைப் பார்த்தார்.

"இவன் இல்ல சாமி" என்றாள் விக்டோரியா, தொப்பியைச் சரிசெய்தபடி. "எனக்க எய்வின்."