புதன்கிழமைச் செட்டு

திருப்பூரில் கோல்ஃப் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் திருப்பூர்க்காரர்களே சிரிப்பார்கள். ஊரில் அதற்கு மைதானம் கிடையாது. பக்கத்தில் வேண்டுமென்றால் கோயமுத்தூர், ஒரு நாளை முழுசாக ஒதுக்க முடிந்தால் ஊட்டி, இன்னும் துணிச்சல் இருந்தால் கொடைக்கானல். காசு கட்டினால் வெளியாட்களையும் ஆட விடுவார்கள். பந்தைக் குச்சியால் அடித்தும் தட்டியும் பதினெட்டுக் குழிகளில் போட வேண்டும். குறைவாக அடித்தவர் ஜெயித்தவர். இவ்வளவுதான் ஆட்டம். இதற்கா இத்தனை பெட்ரோல் என்பார் என் வீட்டுக்காரர். கணியூரில் எங்கள் தென்னந்தோப்புக்குள் ஆடினால் திரும்பும்போது நாலு தேங்காயாவது பொறுக்கி வரலாமே என்பது அவருடைய யோசனை.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்த கதை சின்னது. பெருமாநல்லூரில் தையல் யூனிட் நடத்துகிறேன். வெளிநாட்டு பையர் ஒருவர் தனக்கு பனியன் தைத்துக் கொடுக்கிற எல்லோரையும் ஒருநாள் கோயமுத்தூர் மைதானத்துக்குக் கூட்டிப் போனார். ஆண்கள் வெயிலில் ஆட, என்னை அவர்களுடைய மனைவிமாரோடு நிழலில் உட்கார வைத்துக் கையில் ஜூஸைக் கொடுத்தார்கள். எனக்குச் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை. எழுந்து போய் ஒரு குச்சியைக் கேட்டு வாங்கி வீசினேன். முதலில் மண் பறந்தது. மறுபடியும் மண். அப்புறம் பந்து பறந்தது. அது போய் விழுகிற வரைக்கும் என் மண்டைக்குள் டெலிவரி தேதி, ஓவர்டைம், நூல் விலை எதுவுமே இல்லை. யூனிட் ஆரம்பித்த நாளிலிருந்து அப்படி ஒரு நிமிஷம் எனக்குக் கிடைத்ததே இல்லை. இதை விடக்கூடாது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் இது தனியாக ஆடினால் சப்பென்று போய்விடும். நாலு பேராகச் சேர்ந்துதான் ஆடுவார்கள்; அதற்குப் பெயர் செட்டு. எனக்கு எந்தச் செட்டிலும் இடமில்லை. கடைசியில் இடம் வாங்கிக் கொடுத்தது மின்வெட்டு. 2008இல் கம்பெனிகளுக்கு வாரத்தில் ஒருநாள் கரண்ட் கிடையாது என்று ஆனது, ஏரியாவுக்கு ஒரு கிழமை. எங்களுக்குப் புதன். சாயப்பட்டறை சாமியப்பண்ணன், நிட்டிங் கன்னையண்ணன், பிரிண்டிங் சரவணக்குமார் மூவருக்கும் அதே புதன். அவர்களோடு நாலு வருஷமாக ஆடிக்கொண்டிருந்த தமிழ்செல்வன் பங்களாதேஷுக்குக் கம்பெனி நடத்தப் போய்விட்டார். புதன்கிழமை கை ஓய்ந்திருக்கிற, குச்சி பிடிக்கத் தெரிந்த ஆளாகத் திருப்பூர் முழுக்கத் தேடி, நான் ஒருத்திதான் அகப்பட்டேன்.

“வேற ஆளு கெடைக்கற வரைக்கும் வாங்க அம்மிணி” என்றார் கன்னையண்ணன். மரியாதையாகத்தான் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டேதான் தலையாட்டினேன். அந்த நாலாவது இடத்தை எப்படியும் எனக்கே சொந்தமாக்கிக்கொள்வது என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன்.

எந்த ஊருக்குப் போவது என்று பேச, திங்கள் சாயங்காலம் அவிநாசி ரோட்டு பேக்கரியில் கூடுவோம். டீ ஆறிப் போகும், பேச்சு ஆறாது.

“ஊட்டிப் புல்லுதானுங்க புல்லு” என்பார் சாமியப்பண்ணன். அறுபதை நெருங்குகிறவர், பேச்சு எப்போதும் தணிந்தே இருக்கும். “இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே ஷேடு. கோயமுத்தூருல பாருங்க, இங்கொரு பச்சை, அங்கொரு பச்சை. நம்ம பட்டறையில துணி இப்படி வந்துச்சுன்னா லாட்டையே திருப்பி அனுப்பிச்சுருவாங்க.”

“ஷேடு கெடக்குதுங்கண்ணா, கனத்தைப் பாருங்க” என்று கன்னையண்ணன் குறுக்கே விழுவார். துணி பின்னுகிறவர், அவர் கண் அங்கேதான் போகும். “கொடைக்கானல் புல்லு கெட்டியான புல்லுங்க. பந்து மேலயே உக்காந்துக்கும்.”

“அங்க காட்டெருமை வருதுங்களே” என்பான் சரவணக்குமார். எங்களில் இளையவன் அவன்தான், என்னை அக்கா என்பான். “போன தடவை என்ற பந்துக்கு மேலயே வந்து நின்னுக்கிச்சு. நகருன்னு அதுகிட்ட யாருங்க சொல்றது?”

எனக்குக் கோயமுத்தூர்தான் பிடிக்கும். மண் காய்ந்து கிடப்பதால் லேசாக அடித்தாலும் பந்து ஓடிக்கொண்டே இருக்கும். நமக்கு ஏதோ திறமை இருக்கிற மாதிரி ஒரு பிரமை கிடைக்கும். ஆனால் என்னிடம் யாரும் கேட்டதில்லை. அவர்கள் முடிவு செய்வார்கள், எத்தனை மணிக்குக் கார் வரும் என்று எனக்குச் சொல்வார்கள்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். உலகத்தில் எங்கேயாவது இப்படி ஆடுவார்களா என்று எனக்குத் தெரியாது. முதல் பந்தை யார் அடிப்பது என்பதிலேயே கால் மணி நேரம் போய்விடும். “நீங்க அடிங்க”, “ஐயோ, நீங்க இருக்கறப்ப நானுங்களா”, “அட, நீங்க மொதல்ல அடிங்க.” பின்னால் காத்திருக்கிற செட்டு பொறுமை இழந்து கூப்பாடு போட்ட பிறகுதான் யாராவது குச்சியை எடுப்பார்கள். குழிப்பக்கம் வந்தால் இதைவிட மோசம். பந்து குழிக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றாலே போதும், மற்ற இரண்டு பேரும் சேர்ந்தாற்போலச் சொல்வார்கள், “போதுமுங்க, எடுத்துக்குங்க.” எப்படியும் போட்டுவிடுவீர்கள், எதற்குச் சிரமம் என்று அர்த்தம். பந்தை எடுத்துக்கொண்டு ஒரு தட்டு சேர்த்துக் கணக்குச் சொல்லிவிட்டு அடுத்த குழிக்கு நடையைக் கட்டுவார்கள். கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் யார் முதலில் உட்காருவது என்கிற அதே உபசாரம்.

அவர்களுக்குள் ஒரு சாண் என்றால் எனக்கு ஒரு கார் நீளம். என் பந்து குழியைச் சுற்றி மழித்து விட்டிருக்கிற பச்சைத் தரைக்கு வந்து சேர்ந்தாலே போதும், “எடுத்துக்குங்க அம்மிணி” என்று மூன்று குரல் கேட்கும். ஒருமுறை விடாப்பிடியாக நின்றேன். “இல்லீங்கண்ணா, நானே போட்டுப் பாக்கறேன்.”

“நீங்க எதுக்குங்க குனிஞ்சு நிமிந்துக்கிட்டு” என்று சாமியப்பண்ணன் தானே போய் என் பந்தை எடுத்து, தோள் துண்டில் துடைத்து, என் கையில் வைத்தார்.

எதிர்த்துப் பேசுகிறவரிடம் கத்தலாம். பந்தைத் துடைத்துக் கொடுக்கிறவரிடம் எப்படிக் கத்துவது? பத்து பதினைந்து ஆட்டம் ஆடியும் என் பந்து ஒரு குழியிலும் விழவில்லை. அதாவது நான் இன்னும் ஆடவே இல்லை, கூட நடந்து வந்திருக்கிறேன், அவ்வளவுதான். அந்த எரிச்சலில் யூனிட்டில் லஞ்ச் நேரத்தில் கட்டிங் டேபிளில் துணியை விரித்து, ஒரு கோடியில் டேப் ரோலைப் படுக்க வைத்து, அதற்குள் பந்தைத் தட்டிப் பழக ஆரம்பித்தேன். “ஏனுங்கக்கா, இது எத்தனை பீஸ் ஆர்டருங்க?” என்று கட்டிங் மாஸ்டர் கிண்டலடிப்பார். சிரித்தாலும் டேபிளைக் காலி செய்து கொடுப்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் சில ஏரியாக்களுக்கு மின்வெட்டுக் கிழமையை மாற்றினார்கள். அந்தத் திங்கட்கிழமை பேக்கரியில் கன்னையண்ணன் டீ கிளாஸுக்குள் பார்த்தபடி சொன்னார், “எங்க மச்சினன் வேல்குமாருக்கும் இனிமே புதன்கிழமைங்க. புதுசா குச்சியெல்லாம் வாங்கிட்டாப்ல.”

யாரும் என்னைப் பார்க்கவில்லை. சரவணக்குமார் ரோட்டில் போகிற டவுன் பஸ்ஸைப் பார்த்தான். சாமியப்பண்ணன் கடைக்காரரைக் கூப்பிட்டு எனக்கு இன்னொரு பப்ஸ் சொன்னார். அந்தப் பப்ஸ்தான் எனக்குக் கொடுத்த நோட்டீஸ்.

எனக்கு அழுகை வந்தது. யூனிட்டுக்கு இடம் பிடிக்க, பேங்க்கில் லோன் வாங்க, ஆர்டர் பிடிக்க எல்லாவற்றுக்கும் சண்டை போட்டுத்தான் வாங்கியிருக்கிறேன். இங்கே சண்டை போட ஒரு எதிரிகூட இல்லை. எல்லோரும் நல்லவர்கள்.

“ஊட்டியில இந்தப் புதன் ஒரு போட்டி இருக்குதுங்க” என்றார் கன்னையண்ணன். “வெளியூருக்காரங்களும் நாலு நாலு பேரா சேந்துக்கலாமாம். வேல்குமாருக்கு அன்னைக்கு ஷிப்மெண்ட்டு. இந்த ஒரு தடவை மட்டும் நீங்களே வந்துருங்க அம்மிணி.”

பப்ஸைத் தொடாமல் எழுந்தேன். “வர்றனுங்க” என்றேன்.

புதன்கிழமை விடியலிலேயே கிளம்பி மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினோம். ஊட்டி மைதானத்தில் மூடுபனி முழங்கால் வரை நின்றது. போட்டி நடத்துகிறவர் எல்லோரையும் கூட்டி வைத்து விதிகளைச் சொன்னார். அவரவர் செட்டுக்குள்ளேயே ஒருவர் அடியை ஒருவர் எண்ண வேண்டும். என் அடியை எண்ணும் பொறுப்பு சாமியப்பண்ணனுக்கு. கடைசியாக, நடத்துகிறவர் ஒன்று சொன்னார். எவ்வளவு கிட்டத்தில் நின்றாலும் பந்தை எடுக்கக்கூடாது, குழியில் விழுந்தே ஆக வேண்டும். எங்கள் செட்டு ஆண்கள் மூன்று பேரும் சும்மா தலையாட்டினார்கள். அதிலென்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

முதல் குழியில் சாமியப்பண்ணனின் பந்து ஒரு சாண் தூரத்தில் நின்றது. பழக்கதோஷத்தில் எடுக்கக் குனிந்தார். “அண்ணா, எடுக்கக்கூடாதுங்க” என்று சரவணக்குமார் அலறினான். அண்ணன் நிமிர்ந்து, குச்சியை நேராக்கி, தட்டினார். பந்து குழியை ஒட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றது. அங்கிருந்து தட்டினார், இந்தப் பக்கம் வந்தது. நாலு தட்டு ஆயிற்று அது உள்ளே போக. அவருக்குப் பிறகு கன்னையண்ணனும் சரவணக்குமாரும் ஆளுக்கு ஐந்து தட்டினார்கள். நாலு வருஷமாக ஒருவருக்கொருவர் மரியாதை செய்து செய்து, ஆட்டத்தின் கடைசிப் பாகத்தை மூன்று பேருமே கற்றுக்கொள்ளவில்லை! எனக்குச் சிரிப்பை அடக்க வழி தெரியாமல் மலையைப் பார்த்து நின்றேன்.

என் கதையும் அப்படியொன்றும் பிரமாதமில்லை. தூரத்துப் பந்துகளைப் புதருக்குள்ளும் பனிக்குள்ளும் அனுப்பித் தேடித் தேடி அலைந்தேன். ஆனால் குழிப்பக்கம் வந்ததும் நேராகத் தட்டினேன். கட்டிங் டேபிள் மாதிரிதான் இருந்தது. முதல் தடவையாக என் பந்து குழிக்குள் விழுந்த சத்தம், வெறும் ‘டொக்’தான், அந்தக் குளிரில் எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது.

“எங்கீங்க பழகுனீங்க?” என்றார் கன்னையண்ணன்.

“பெருமாநல்லூர்லீங்க” என்றேன்.

பாதி ஆட்டம் தாண்டிய பிறகு சாமியப்பண்ணனிடம் ஒரு மாற்றத்தைப் பார்த்தேன். முகத்தில் அந்தச் சங்கடச் சிரிப்பு போய்விட்டது. தோள் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டினார். குழிக்குப் பின்னால் குந்த வைத்து உட்கார்ந்து தரையின் சரிவைப் பார்த்தார். ஒரு தட்டில் பந்து நேரே போய் விழுந்ததும், “உழுந்துருச்சுங்க!” என்று கத்தினார். அந்த மனிதர் கத்தி நான் கேட்டதே இல்லை. அதன்பிறகு யார் தட்டினாலும் கூர்ந்து பார்த்தார், வாய்க்குள்ளேயே எண்ணினார்.

கடைசிக் குழியில் என் பந்து விழுந்ததும், “ஆறுங்க” என்றேன்.

“ஏழுங்க அம்மிணி” என்றார் சாமியப்பண்ணன்.

எனக்குச் சுருக்கென்றது. “ஆறுதானுங்களே?”

“புதருக்குள்ள ஒருக்கா வீசுனீங்களே.”

“அது காத்துல போச்சுங்கண்ணா. பந்து அசையவே இல்லீங்களே!”

“குச்சி அசைஞ்சுதுங்களே. அடிக்கோணும்னு வீசுனா அதும் ஒண்ணுதானுங்க.”

கன்னையண்ணனுக்கு முகம் வெளிறிவிட்டது. “அண்ணா, விடுங்கண்ணா. ஒண்ணே ஒண்ணுதானே. எப்படியும் நம்முளுதுதான் கடைசி எடம். அம்மிணி வேற இன்னையோட...” என்று இழுத்தார்.

“விருந்தாளியா இருந்தா விட்டுருவனுங்க கன்னையா” என்றார் சாமியப்பண்ணன். குரல் தணிந்தேதான் இருந்தது. “நம்ம செட்டு ஆளுக்கு எப்படீங்க விடறது?”

சரவணக்குமார் என்னைப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான்.

“அப்ப வேல்குமாருங்க?” என்றார் கன்னையண்ணன்.

“அவருக்கு நல்ல செட்டா நானே பாத்துக் குடுக்கறனுங்க. புதன்கிழமை ஆடறவங்க இப்ப எத்தனையோ பேரு இருக்கறாங்க. இங்கதான் நாலு பேரு ஆயிருச்சுங்களே.”

நான் என் பந்தை நானே எடுத்துத் துடைத்துக்கொண்டு, “ஏழுங்க” என்றேன்.

நாங்கள்தான் கடைசி இடம், சந்தேகமே இல்லாமல். காரில் மலை இறங்கும்போது கன்னையண்ணன் முன் சீட்டில் உம்மென்று உட்கார்ந்திருந்தார். மச்சினனுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்கிறார் என்று நினைத்தேன். எனக்குப் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. குன்னூரைத் தாண்டினோம். ஒரு கொண்டை ஊசி வளைவில் அவர் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க அம்மிணி, அந்த ஒம்போதாவது குழியில, மரத்தடியில ஒருக்கா காத்துல வீசுனீங்களே. அதைச் சேத்துனீங்களா?”

சேர்க்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கும் சந்தோஷத்துக்கும் அளவே இல்லை. சீட்டின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தேன்.

“நீங்க மட்டும் யோக்கியமுங்களாண்ணா?” என்று ஆரம்பித்தேன்.