படி தனி

பதினாறு வருஷம் பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு, ஐம்பத்தெட்டாம் வருஷம் சவுரிராயன் சொந்த ஊரான கெடாருக்குத் திரும்பினான். அவனுடைய அப்பா, ஆண்டை படியால் அளந்து போடும் கூலித் தானியத்துக்குக் களத்தில் துண்டை ஏந்தி நின்றே செத்தவர். மனைவி இருதயமேரி இன்னும் அதே நிலத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே எவன் படிக்கும் நீ துணி ஏந்த வேணாம் மேரி" என்று வந்த அன்றே சொல்லிவிட்டான்.

திண்டிவனத்தில் ஒரு லாரி கம்பெனிக்கு டிரைவர் வேண்டும் என்று தெரிந்து கிளம்பியபோது மேரி சொன்னாள்: "குடுக்கறத வாங்கிக்கய்யா. அங்க சோறு, துணி, சோப்பு வரைக்கும் சர்க்காரு குடுத்திச்சி. இங்க யாரு குடுப்பா?"

"உனுக்கு இன்னா தெரியும்? மிலிட்டரி டிரைவருன்னா வெளியில மாசம் நூத்தம்பது குடுப்பாங்கன்னு பட்டாளத்துல பேசிக்கினாங்க."

முதலாளி அரங்கநாதன் நல்ல மனிதர். வண்டியை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். கியர் மாறும் சத்தமே கேட்கவில்லை. இறங்கும்போது முகம் மலர்ந்திருந்தது.

"எவ்ளோ எதிர்பாக்கறப்பா?"

"நூத்தம்பதுங்க."

அவர் சிரித்துவிட்டார். "எங்க கணக்குப்பிள்ள சீனுவாசனுக்கே எழுவதுதாம்பா. சீனு, நீ துப்பாக்கி தூக்கலியே, அதான்யா!" சிரிப்பு அடங்கியதும் சொன்னார்: "அறுவது தர்றேன். படி தனி."

சவுரிராயனுக்கு அப்பாவின் துண்டு கண்முன் வந்தது.

"நான் படிக்கு நிக்கறவன் இல்லீங்க."

"படி வேணாமா? அது இல்லாம எவனும் வண்டி ஏற மாட்டானே!"

"ஏறறவன் ஏறட்டுங்க. எங்கப்பனோட போச்சி அது." விறைப்பாக ஒரு சலாம் வைத்துவிட்டு வெளியேறினான்.

விழுப்புரத்தில் பஸ் மாறும்போது, டீக்கடையில் அவனுக்குப் பழக்கமான லாரி டிரைவர் விருத்தாசலம் நின்றிருந்தான். "இன்னா மிலிட்டரி, வேல ஆச்சா?"

நடந்ததைக் கேட்டதும் விருத்தாசலம் கிளாஸைக் கீழே வைத்தான். "அய்யய்யோ, அண்ணே! படின்னா கேப்ப அளக்கறது இல்ல. பேட்டா. வண்டி வெளியூரு போற நாளெல்லாம் சாப்பாட்டுக் காசு. சம்பளத்துல பாதி தேறும். உங்க பட்டாளத்துல அலவன்ஸும்பாங்களே, அதான்."

விருத்தாசலம் சிரிக்கவில்லை. டீக்குக் காசையும் அவனே கொடுத்தான். "காலையில மொத பஸ்ஸுல ஜல்தியா ஓடுண்ணே."

சவுரிராயன் ஓடினான். லாரி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறைதான் இருந்தது.

"கோவிச்சிக்கினு போயிட்டியேப்பா" என்றார் அரங்கநாதன். "நேத்தே வளவனூரு ஆளு ஒருத்தன் ஏறிட்டான். லோடு காத்துக்கினு இருக்குமா?"

"தப்பா கேட்டுட்டேங்க" என்றான் சவுரிராயன். எதைத் தப்பாகக் கேட்டான் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அப்பாவின் துண்டையும் சேர்த்து விரிக்க வேண்டியிருக்கும்.

பிறகு திண்டிவனம், விழுப்புரம் இரண்டு ஊரிலும் ஏறாத கம்பெனி இல்லை. நூறு என்றான், அறுபது என்றான், கடைசியில் நாற்பது என்றான். இருந்தால் சொல்லி அனுப்புவதாக எல்லோரும் சொன்னார்கள்.

கேப்பை அறுப்பு வந்தது. மேரியோடு அவனும் இறங்கினான். சாயந்திரம் களத்தில் நிலக்காரர் வீட்டுக் கெங்கம்மாள் படியோடு உட்கார்ந்து கூலி அளந்துகொண்டிருந்தாள்.

"பட்டாளத்தாரு அட்டென்ஷன்ல நிக்கறாரு பாருடி!" என்றாள் கூட அறுத்த பூமாலை. பெண்கள் சிரித்தார்கள். சவுரிராயனுக்குத் துண்டை எப்படி ஏந்துவது என்றே தெரியவில்லை. மேரி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு முனையை அவன் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

கெங்கம்மாள் யாருக்கும் படிக்கு மேலே குவிந்ததை உள்ளங்கையால் தலை தட்டித்தான் அளப்பாள். அன்றும் படியை நிரப்பிக் கையைத் தூக்கினாள். அவன் முகத்தைப் பார்த்தாள். தட்டாமலே கையை இறக்கிவிட்டாள். குவியலோடு அப்படியே கொட்டினாள்.

"துண்ட இறுக்கிப் புடிப்பா, செதறுது" என்று மெல்லச் சொன்னாள்.

அவன் பிடித்துக்கொண்டான். தலை மட்டும் நிமிரவில்லை.

திரும்பும் வழியில் மாதா கோயிலைக் கடக்கும்போது அவன் சிலுவை போட்டுக்கொள்ளவில்லை. மேரி தனக்கு ஒன்று போட்டுக்கொண்டு, அவனுக்காக இன்னொன்றும் போட்டாள். தலை தட்டாத அந்த ஒரு படிக்காக.