கமிஷனுக்கு விரித்த விருந்துத் துணி

1

இந்தக் கதை எனக்கு ஒரு கல்யாணப் பந்தியில் கிடைத்தது. நாரின் நகரத்துக்கு மேலே மலையில், முன்பு கூட்டுப்பண்ணையாக இருந்த எங்கள் ஊரில், யாரோ இதை வேடிக்கையாகச் சொல்லப் பந்தியே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. கோபம் வந்த கதையை நான் விடுவதில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “புருல்சா ஏழை. அவள் வீட்டில் ஒன்றும்—”

அடித்துவிட்டேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் அவள் மறுக்கிறாள். நான் முந்திக்கொண்டு சொன்னால் நியாயமா?

2

சரி, கமிஷன் வருகிறது. அங்கிருந்து தொடங்குவோம்.

பண்ணையைக் கலைத்து ஆடுகளைப் பங்கு போட்டு இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது. பங்கு ஆடுகளைத் தின்றும் விற்றும் தீர்த்தாயிற்று. பாலர் பள்ளிக்குப் பூட்டு. இனி உதவி எல்லோருக்கும் கிடையாது, இல்லாதவர்களுக்கு மட்டும் என்று தலைநகரில் முடிவானது. யார் இல்லாதவர் என்று ஒரு கமிஷன் வீட்டுக்குள் வந்து பார்த்து எழுதும். (வெளிநாட்டு ஆலோசகர் ஒருவரின் யோசனை என்று பேச்சு. அவர் எங்கள் ஊருக்கு ஒருநாள் விருந்தாளியாக வந்திருந்தால் இந்த யோசனையே வந்திருக்காது.)

ருஷ்யாவுக்கு வேலைக்குப் போன புருல்சாவின் கணவனிடமிருந்து தகவலே இல்லை. இரண்டு பெண் குழந்தைகள். உதவிப்பணம் வந்தால்தான் குளிர்காலத்துக்கு மாவும் நிலக்கரியும். அப்படிப்பட்டவள் என்ன செய்தாள்? பக்கத்து வீட்டு சோனுனிடம் போய் வெண்ணெயும் ஜாமும் வேகவைத்த ஆட்டிறைச்சியும் இரவல் கேட்டாள். எங்கள் ஊரில் யார் வந்தாலும் தரையில் துணி விரித்து, அதில் சாப்பாட்டைப் பரப்பித்தான் உட்கார வைப்போம்.

“அக்கா, ஆளுங்க வர்றாங்க. வெறுந்துணியவா விரிக்கறது?”

“அடி கூறுகெட்டவளே, ஒண்ணுமில்லன்னு பாக்கத்தானே வர்றாங்க.”

“பாக்கட்டுமே. அதுக்காக வீடு தேடி வந்தவங்களுக்கு வெறும் டீய ஊத்திக் குடுத்தா, நாளைக்கு எம்பொண்ணுங்கள யாரு கட்டுவா?”

சோனுன் திட்டிக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள். விருந்தாளிக்கு என்று கேட்டால் இங்கே யாரும் “இல்லை” என்று சொல்வதில்லை.

3

(இதுவரை படித்த நகரத்து நண்பன், “இவ்வளவு வெகுளியா ஒருத்தி இருப்பாளா?” என்றான். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவள் அல்லடா இவள். கந்தை எது, இரவல் எது என்று நன்றாகத் தெரிந்தவள். தெரிந்தே விரித்தாள். அதனால்தான் எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது.)

4

கமிஷனின் தலைவி அனார்கான், பக்கத்து ஊர்க்காரி. கூட வந்த கிராம அலுவலகத்துப் பையன், உட்கார்ந்ததும் “இறைச்சி, வெண்ணெய்” என்று எழுத ஆரம்பித்தான்.

“இருப்பா,” என்று அனார்கான் அவனை நிறுத்தினாள். ஜாம் இருந்த நீலக் கிண்ணத்தையே பார்த்தாள். “புருல்சா, இந்தக் கிண்ணம் காலைலேருந்து எனக்குப் பழக்கம். இதோட மூணாவது வீடு.”

“நல்ல கிண்ணம்க்கா. நாலு எடம் போய்வரும். நீங்க ஜாம் எடுத்துக்குங்க.”

“விளையாடாத. ஒண்ணு நாங்க கண்ணால பாத்தத எழுதணும், இல்ல வீட்டுக்காரங்க வாயால சொன்னத எழுதணும். ‘இதெல்லாம் என்னுது இல்ல’ன்னு ஒரு வார்த்த சொல்லு. மீதிய நான் பாத்துக்கறேன்.”

டீக்கு வெந்நீர் கொதிக்கும் சமோவார் பக்கத்தில் இருந்த சோனுன் முழங்கையால் இடித்தாள். “சொல்லித் தொலையேன்டி.”

5

இதற்கு மேல் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சொல்லிவிட்டாள், மாவு வந்தது. ஆனால் சொன்னவள் புருல்சா இல்லை, நான் பிடித்துவந்த வேறு யாரோ. அடுத்ததில் “என்னுதுதான்” என்றாள், அனார்கான் தலைகுனிந்து எழுதிக்கொண்டாள். அந்தக் குழந்தைகளின் ஜனவரி மாதத்தை எழுத என் கை ஓடவில்லை. மூன்றாவதில் அனார்கான் பொய் எழுதி எல்லோரையும் காப்பாற்றினாள். அது கதையே இல்லை, அரசாங்கத்துக்கு நான் போட்ட மனு.*

* பாலர் பள்ளியில் எல்லாக் குழந்தைக்கும் பால் ஊற்றிய காலத்தில் எந்தத் தாயும் எதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சொல்லவே கூடாத வேறு விஷயங்கள் அப்போது இருந்தன. அதற்கு வேறு கதை வேண்டும்.

ஆகவே முடிவை நான் எழுதப் போவதில்லை. எனக்குத் தெரியாமல் இல்லை. அப்படி ஒரு கேள்வியை அவளிடம் கேட்டது தப்பு என்று நினைக்கிறேன், அதற்குப் பதிலும் என்னிடமிருந்து வராது. வேண்டுமானால் நீங்கள் எழுதுங்கள். துணியின் ஒரு பக்கம் காலியாகத்தான் இருக்கிறது, உட்காருங்கள். புருல்சா பேச வாயைத் திறக்கிறாள்.

ஒன்று மட்டும். அவளை என்ன சொல்ல வைத்தாலும், அதற்கு முன் ரொட்டியில் ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டுக்கொள்ளுங்கள். அது இரவல் இல்லை. வீட்டில் மிச்சமிருந்த மாவையெல்லாம் வழித்து, உங்களுக்காக அவள் காலையில் சுட்டது.